நிவாரணமோ நிறுக்கிறியள்?

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு எங்களில் நாலு பேர் உடம்பைக் குறைக்க வெளிக்கிட்டோம். இரண்டு வருடமாக ரியூசன், கதிரை, இரவு பன்னிரண்டு மணிக்குப் பிஸ்கட்டும் தேத்தண்ணியும். ஆளுக்கு ஏழு எட்டுக் கிலோ ஏறியிருந்தது. போனில் கலோரி எண்ணுகிற செயலி ஒன்றை இறக்கினோம். வயது, உயரம், நிறை, எத்தனை கிழமையில் எத்தனை கிலோ போகவேணும் என்று கேட்டது. நாங்கள் அவசரக்காரர். இருந்ததிலேயே குறுகிய காலத்தைத் தெரிவு செய்தோம். பொடியன்மார் இரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு 1,600 கலோரி, பெட்டையள் இரண்டு பேருக்கும் 1,200 என்று தீர்ப்பு வந்தது.

பேசாலையில் எங்களில் ஒருத்தியின் வீட்டுக் குசினிதான் எங்கள் தலைமையகம். கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசு ஒன்று அங்கே இருந்தது. அதில் கிண்ணத்தை வைத்து, அரிசியைக் கொட்டி, கிராம் கணக்குப் பார்த்து, கூடினால் பத்துப் பதினைந்து மணியைத் திரும்ப எடுத்துப் பானைக்குள் போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா கேட்டா: “என்ன பிள்ளையள், நிவாரணமோ நிறுக்கிறியள்?”

நாங்கள் சிரித்தோம். அவ சிரிக்கவில்லை. “மடுவில இருக்கேக்க தலைக்கு இவ்வளவெண்டு நிறுத்துத் தந்தவை. அதுக்குப் பிறகு ஒரு வீட்டுக்க அரிசி நிறுக்கிறதை இப்பதான் பாக்கிறன்” என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போயிட்டா.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. உடம்பு குறைப்பதற்கான ஆலோசனை இதில் பெரிதாக இல்லை. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு காணும் என்று யார் யார் எப்போதெல்லாம் எண்ணினார்கள், அந்த எண்ணிக்கை எங்கள் மன்னார்க் கரையை எப்படித் தொட்டுப் போனது என்று தேடிப் பார்த்தோம். தேடத் தேட எங்கள் போனில் இருந்த எண்ணே வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது.

1,200 எங்கிருந்து வந்தது?

கலோரி முதலில் சாப்பாட்டுக்கு வந்த சொல் இல்லை. 1820களில் பாரிசில் நிக்கொலா கிளெமான் என்ற விஞ்ஞானி நீராவி இயந்திரங்களைப் பற்றிய தன் விரிவுரைகளில் அதைப் பயன்படுத்தினார். ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை கூட்டத் தேவையான வெப்பம் ஒரு கலோரி. அடுப்பும் கொதிகலனும் சம்பந்தப்பட்ட கணக்கு அது.

அதை மனித உடம்புக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கர் வில்பர் அட்வாட்டர். 1890களில் அவர் ஒரு ஆள் படுத்து எழும்பக்கூடிய அளவில் மூடிய அறை ஒன்றைக் கட்டினார். உள்ளே ஒருவரை நாள்கணக்கில் இருக்கவிட்டு, அவர் சாப்பிடுவது, மூச்சாக விடுவது, கழிப்பது, உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பம் எல்லாவற்றையும் அளந்தார். ஒரு கிராம் காபோவைதரேற்றுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றைக்கும் பிஸ்கட் பைக்கற்றின் பின்பக்கம் போடுகிற கணக்கு அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான்.

அட்வாட்டர் யாரையும் மெலிய வைக்க நினைக்கவில்லை. தொழிலாளியின் குறைந்த கூலியில் எந்தச் சாப்பாட்டை வாங்கினால் கூடிய சக்தி கிடைக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கணக்கில் மாவும் அவரையும் வென்றன. பழமும் இலைக்கறியும் ‘காசுக்கு நட்டம்’ ஆகிவிட்டன. விற்றமின் என்று ஒன்று இருப்பது அப்போது அவருக்குத் தெரியாது. அந்தப் பெயரே 1912இல்தான் பிறந்தது. அதே 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற வைத்தியர், தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் விழுவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். வயிறு நிறையச் சோறு தின்கிற மனிதரையும் பெரிபெரி ஏன் கொல்கிறது என்ற புதிர் அங்கேதான் அவிழத் தொடங்கியது. கலோரிக் கணக்குச் சரியாக இருந்தும் ஆள் சாகலாம்.

உடம்பு குறைப்பதற்காகக் கலோரியை எண்ணச் சொல்லிப் பெரிய அளவில் எழுதியவர் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் என்ற கலிபோர்னியப் பெண் வைத்தியர். 1918இல் வந்த அவருடைய புத்தகம் 1920களில் அமெரிக்காவில் அதிகம் விற்றவற்றில் ஒன்று. இனிமேல் ஒரு துண்டுப் பாண் என்று சொல்லாதீர்கள், நூறு கலோரிப் பாண் என்று சொல்லிப் பழகுங்கள் என்றார். மெலிய விரும்புகிறவர்களுக்கு அவர் விதித்தது 1,200. முதலாம் உலகப்போர் நடந்த காலம் அது. மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு கவளமும் போருக்கு உதவி என்று நாட்டுப்பற்றையும் சேர்த்துக்கொண்டார். நூறு வருடம் கழித்து அதே 1,200 பேசாலைக் குசினிக்குள் வந்து நின்றது. எங்கள் பிள்ளையின் உயரமும் வேலையும் அங்கத்தைய வெயிலும் அந்த எண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒரு இறாத்தல் தானியம்

கலோரி என்ற சொல் சாப்பாட்டுக்கு வருவதற்கு முன்பே, மனிதருக்கு இவ்வளவு காணும் என்று அளந்து கொடுத்த கதை ஒன்று எங்கள் கரைக்கு எதிர்ப்பக்கம் நடந்தது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருசப் பஞ்சம் தின்றது. பிரிட்டிஷ் அரசு நிவாரண வேலை என்று ரோட்டு, கால்வாய் வேலைகளைத் திறந்தது. செலவைக் குறைக்க 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் அனுப்பப்பட்டார். மண் சுமக்கிற ஆணுக்கு ஒரு நாள் கூலி, ஒரு இறாத்தல் தானியம் வாங்கக்கூடிய காசும் உப்புப் புளிக்குக் கொஞ்சச் சில்லறையும் என்று அவர் குறைத்தார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கோர்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். வேலை செய்கிற உடம்புக்கு இது காணாது, தானியம் கூட வேணும், பருப்பும் காய்கறியும் வேணும் என்று வாதாடினார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியைக் கூட்டியது. அதற்கிடையில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

எங்களிடம் தராசும் செயலியும் இருந்ததே, கணக்குப் போட்டோம். ஒரு இறாத்தல் என்றால் 454 கிராம். பச்சையாக நிறுத்த அரிசி 100 கிராமுக்கு 350 கலோரி சொச்சம். ஆக, ஒரு இறாத்தல் அரிசி ஏறத்தாழ 1,600.

எங்கள் பொடியன்மாருக்குச் செயலி தந்த எண்ணும் 1,600 தான். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

இதை ஒன்றுக்கு ஒன்று சமம் என்று சொல்ல வரவில்லை. எங்களுக்கு வீட்டில் மீன் இருந்தது, விசிறி இருந்தது, வேண்டாம் என்றால் நிறுத்தலாம். அவர்கள் வெயிலில் கல்லுடைத்தார்கள், நிறுத்த வழியில்லை. ஆனால் எண் ஒன்றேதான்.

அந்தப் பஞ்சத்திலிருந்து தப்பினவர்களில் பெருந்தொகையானவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் நடந்தார்கள். இராமநாதபுரம் பக்கக் கரையிலிருந்து வள்ளத்தில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து கால்நடையாக மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று ஏறத்தாழ 150 மைல். அதை வடக்குப் பாதை என்பார்கள். மலையகக் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1877இல் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஏற்கெனவே வற்றிய உடம்பு, தண்ணீர் இல்லாத காடு, கொலரா. பாதையோரம் விழுந்தவர்களை எண்ணி முடித்தவர்கள் இல்லை. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் அரிசி அளந்துதான் கொடுபட்டது. அதன் விலை கூலியிலிருந்து கழிபட்டது.

1899இல் கொள்ளைநோய்ப் பயத்தில் அந்தப் பாதையை மூடினார்கள். 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும், தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் வந்தன. இன்றைக்கு மதவாச்சி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது நாங்கள் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு யன்னலில் சாய்ந்து நித்திரை கொள்ளுகிறோம். அந்த ரோட்டின் கதையைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வரியில் படித்து முடித்திருந்தோம்.

1,570 கலோரிக்கு வைத்த பெயர்

இனி எங்கள் கதைக்குக் கொஞ்சம் வருவம்.

முதல் மூன்று கிழமை நன்றாகப் போனது. நிறை இறங்கியது, படம் எடுத்துப் பகிர்ந்தோம். நாலாவது கிழமையிலிருந்து நாங்கள் கதைத்ததெல்லாம் சாப்பாடுதான். ஒருவன் இரவிரவாகக் கொத்துறொட்டி போடுகிற காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தி வீட்டில் எல்லாரோடும் எரிந்து விழுந்தாள். இன்னொருத்தி, ஆகக் கட்டுப்பாடானவள், 1,200ஐ 1,000 ஆக்கினாள், பிறகு 900. செயலியில் பச்சை நிறம் வந்தால் அவளுக்குச் சந்தோசம். மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மாதவிடாய் நின்றுபோனது. ஞாயிறு பூசையில் எழும்பி நிற்கும்போது கண் இருட்டி விழுந்தாள். “வெயில்” என்று எல்லாரும் சொன்னார்கள். வெயில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், பட்டினியில் கிடக்கும் ஐரோப்பியரை எப்படித் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனை செய்தார். 1944 நவம்பரில் தொடங்கியது. போருக்குப் போக மனச்சாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். முதலில் நல்ல சாப்பாடு. பிறகு 24 கிழமைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, பாண், மக்கரோனி போன்றவை. கிழமைக்கு 22 மைல் நடக்கவும் வேணும்.

அவர்களின் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போனது. உடம்பைவிட மனதில் நடந்ததுதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. சமையல் புத்தகங்களை வைத்து மணிக்கணக்காக வாசித்தார்கள். கனவிலும் சாப்பாடு. கோப்பையை நக்கினார்கள். எப்போதும் குளிர்ந்தது, ஒருவரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை, சிரிப்பு நின்றது. பரிசோதனை முடிந்த பிறகும் எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி பலருக்குப் பல மாதம் இருந்தது. திரும்பி வந்த நிறையில் கொழுப்பே முதலில் ஏறியது. 1950இல் கீஸ் இதையெல்லாம் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அந்த நூலின் தலைப்பில் உள்ள சொல் ‘பட்டினி’.

1,570 கலோரிக்கு விஞ்ஞானம் வைத்த பெயர் பட்டினி. எங்கள் பிள்ளை 900இல் நின்றபோது நாங்கள் வைத்த பெயர் ‘மன உறுதி’.

அவளை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனது அம்மம்மாதான். இப்போது நல்லாயிருக்கிறாள். இந்தக் கட்டுரையை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. இந்தப் பகுதியை எடுக்க வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான்.

கொத்து, கூப்பன், முத்திரை

வீட்டில் தராசு வராத காலத்திலும் எங்கள் சாப்பாட்டை அரசு அளந்துகொண்டுதான் இருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததோடு இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அந்த வருடம் அரிசிப் பங்கீடு வந்தது. கூப்பன் புத்தகம் என்றால் எங்கள் தாத்தாமாருக்கு உடனே விளங்கும்.

1953 ஜூலையில், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் வரவுசெலவுத் திட்டத்தோடு, பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஓகஸ்ட் 12இல் நாடு முழுக்க ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசியின் விலையில் ஒரு பிரதமர் போனார் என்றால் அந்தக் கொத்தின் நிறை எவ்வளவு என்று யோசியுங்கள்.

நாங்கள் அதையும் நிறுத்துப் பார்த்தோம். ஒரு கொத்து அரிசி இரண்டு இறாத்தல். 1966இன் கடைசியில் திரும்பப் பிரதமராக இருந்த அதே டட்லி, கிழமைக்கு இரண்டு கொத்து என்றிருந்ததை ஒரு கொத்தாகக் குறைத்து, அதை இலவசமாக்கினார். கிழமைக்கு ஒரு கொத்து என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 130 கிராம், 450 கலோரியளவு. மிச்சத்தை அவரவர் தேட வேணும். மன்னாரில் அந்த மிச்சம் கடலிலும் பனையிலும் இருந்தது. ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் கருவாடும் எந்தக் கூப்பனிலும் எழுதப்படவில்லை. எந்த அரசின் கணக்கிலும் வராத அந்தக் கலோரிதான் எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியது.

1979இல் பங்கீட்டு அரிசி போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதியிருந்தது ரூபாய்க் கணக்கு. விலை ஏற ஏற அதே முத்திரைக்குக் கிடைத்த அரிசி குறைந்துகொண்டே போனது. பிறகு கலோரியே நேரடியாக ஆட்சிக்குள் வந்தது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2002க்கு வகுத்த வறுமைக்கோட்டின் அடியில் இருக்கிற எண் 2,030 கலோரி. ஒருவருக்கு அவ்வளவு சாப்பாடும் மற்ற அடிப்படைத் தேவைகளும் கிடைக்க மாதம் 1,423 ரூபாய் வேணும் என்று கணக்குப் பார்த்தார்கள். அதற்கு மேலே ஒரு ரூபாய் இருந்தால் நீங்கள் ஏழை இல்லை.

தலையை எண்ணினவர்கள்

அம்மம்மா சொன்ன மடு இதற்கு இடையில் வருகிறது.

1990இல் திரும்பச் சண்டை தொடங்கியபோது மன்னார்த் தீவும் பெருநிலப்பரப்பும் இரண்டாகப் பிரிந்தன. சனம் மடுத் தேவாலயத்துக்கு ஓடியது. அங்கேயும் பேசாலையிலும் ஐ.நா. அகதிகள் ஆணையம் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. மாதாவின் திருவிழாவுக்குக் கூடாரம் அடிக்கிற காட்டில் மனிதர்கள் வருடக்கணக்காகக் கூடாரத்தில் இருந்தார்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கொடுபட்டன.

அதே வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியையும் தாராபுரத்தையும் விட்டுப் புறப்பட்ட சனம் கடலாலும் காட்டாலும் புத்தளம் போனது. எங்களில் ஒருவனுடைய உம்மா அங்கே ஓலைக் கொட்டிலில் பிறந்தவ. அவவுடைய பிள்ளைப்பருவம் முழுக்க நிவாரண அட்டைதான். அம்மம்மாவின் கேள்வியை அவவுக்குச் சொன்னோம். “எங்கட வீட்டில நிறுவை இல்ல, அளக்கிற ரின்தான்” என்றா. அவ்வளவுதான் சொன்னா.

இன்னொரு பகுதி சனம் வள்ளத்தில் இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இறங்கியது. ஒரு காலத்தில் அங்கேயிருந்து தோட்டத்துக்கு வருகிறவர்களை மறித்துப் பரிசோதிக்கக் கட்டிய முகாம் அது. இப்போது இங்கேயிருந்து போகிறவர்கள் அதே இடத்தில் வரிசையில் நின்றார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் அரிசி கிலோ 57 பைசாவாக இருந்தது. அந்த 57 பைசா அரிசியில் வளர்ந்து திரும்பி வந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள்.

உலக நிவாரண அமைப்புகள் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்று திட்டமிடுகின்றன. நல்ல எண்தான். ஆனால் 2,100ஐ எத்தனை பேரால் பெருக்குவது? 2009இன் தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருப்பவர்கள் 70,000 பேரளவில்தான் என்று அரசு சொன்னது. மன்னார்ப் பெருநிலத்தில் அடம்பன், விடத்தல்தீவு என்று இடம்பெயர்ந்து நடந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். சண்டை முடிந்தபோது வெளியே வந்து முகாம்களில் அடைபட்டவர்கள் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கு மேல். தலையைக் குறைத்து எண்ணினால் கலோரியும் குறையும். அந்த மாதங்களில் சனம் குடித்தது அரிசியும் தண்ணியும் உப்பும் போட்ட கஞ்சி. அதனால்தான் ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் சிரட்டையில் கஞ்சி வாங்கிக் குடிக்கிறோம்.

தப்பி வந்தவர்களில் பெரும்பாலானவர்களை அடைத்த மெனிக் பாம், மன்னாரிலிருந்து வவுனியா போகிற வழியில், செட்டிகுளத்தில் இருந்தது. 2012இல்தான் மூடப்பட்டது. அங்கேயும் வரிசை, அங்கேயும் தராசு.

எல்லாம் பழைய கதை என்று நினைத்தோம். 2022இல் எங்களுக்கே வந்தது. உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. மார்ச் மாதம் மன்னாரிலிருந்து குடும்பங்கள் திரும்பவும் வள்ளம் ஏறித் தனுஷ்கோடிக்குப் போயின. கொண்டுபோய் விட்ட இடம் திரும்பவும் மண்டபம். அந்த வருடம் எங்கள் வீடுகளில் அம்மாமார் இரவுச் சாப்பாட்டை விட்டார்கள். “பசிக்கேல்ல” என்று சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

அப்ப, எண்ணலாமா?

எண்ணலாம். நாங்கள் எண்ணியதில் வீண் போகாத விசயங்களும் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி என்றால் சீனியில் மட்டும் 250 கலோரிக்கு மேல் போகிறது என்று எண்ணாமல் எங்களுக்குத் தெரிந்திருக்காது. போத்தல் சோடாவும் பின்னேர ரோல்சும் எவ்வளவு என்று கண்டது நல்லது. இன்றைக்கும் எங்களில் மூன்று பேர் சீனி இல்லாமல்தான் குடிக்கிறோம்.

ஆனால் அந்த எண் பார்க்கிற அளவுக்கு உறுதியானது இல்லை. ஒரே பிட்டுக்குச் செயலியில் நாலு பேர் நாலு கணக்கு ஏற்றியிருந்தார்கள். தேங்காய்ப்பூவை அம்மா கையால் அள்ளிப் போடுகிறா. கை ஒரு நாள் பெரிசு, ஒரு நாள் சின்னன். உடம்பும் சும்மா இருக்காது. குறைத்துத் தின்றால் குறைத்துச் செலவழிக்கப் பழகிவிடும். நாலு பேரும் சேர்ந்து குறைத்தது 14 கிலோ. ஒரு வருடத்தில் அதில் 9 கிலோ திரும்பி வந்தது. போனது போனபடி நிற்பது, சீனியை விட்டு, பின்னேரத்தில் கடற்கரையால் நடக்கத் தொடங்கியவனுக்குத்தான். அவன் செயலியை முதலாம் மாதமே அழித்துவிட்டான்.

உடம்பைப் பார்த்து வெட்கப்பட்டு எண்ணத் தொடங்கினால் அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதை எங்களில் ஒருத்தியில் கண்டுவிட்டோம். உண்மையாகவே நிறை குறைக்கவேண்டி இருந்தால், சீனி வருத்தமோ பிரசரோ வீட்டில் இருந்தால், வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். 1918இல் வந்த எண்ணிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. டெம்பிள், கூப்பன், வறுமைக்கோடு, முகாம், செயலி எல்லாமே ஒரு ஆளை ஒரு வாயாக எண்ணின. எங்கள் வீடுகளில் சாப்பாடு அப்படி இல்லை. ஒரு பானை, பல கோப்பை. நான் 1,200 நிறுத்து எடுத்தால் மிச்சம் யாருக்குப் போகிறது, நான் தனியாக ஓட்ஸ் வாங்கச் சொன்னால் யாருடைய மீன் குறைகிறது, கடைசியாகச் சாப்பிடுகிறவ யார் என்று எந்தச் செயலியும் கேட்பதில்லை. எண்ணத் தொடங்கிய பிறகுதான் எங்கள் அம்மாமாரின் கோப்பையை நாங்கள் முதல் தடவையாகப் பார்த்தோம். நிறுக்க வேண்டியிருந்தது அந்தக் கோப்பையைத்தான்.

போன மாதம் பேசாலையில் கூழ் காய்ச்சினோம். ஒடியல் மா, நண்டு, றால், மீன்தலை, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, புளி, செத்தல் மிளகாய். பழக்கதோசத்தில் ஒருவன் கணக்குப் போடப் பார்த்தான். செயலியில் ஒடியல் என்ற சொல்லே இல்லை. விட்டுவிட்டான்.

அம்மம்மா அகப்பையால் அள்ளி, பிலாவிலை கோலின கோப்பைகளில் ஊற்றிக்கொண்டு வந்தா. 900இல் நின்ற எங்கள் பிள்ளையிடம் வந்ததும் அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி நின்று கேட்டா: “காணுமோ?”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“இன்னும் கொஞ்சம் விடுங்கோ, அம்மம்மா.”